பயந்தவர் கட்டிய ரயில்

அவர் தீப்பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துத்தான் திறப்பார். குச்சியை உரசும்போது முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொள்வார். எரிந்த குச்சியைச் சும்மா வீசிவிட மாட்டார். கொட்டாங்குச்சியில் தண்ணீர் வைத்திருப்பார், அதில் முக்குவார், சுர்ரென்று சத்தம் வந்த பிறகும் இன்னொரு தடவை முக்குவார். இப்படிப்பட்ட மனிதர் தன் வீட்டில் உண்மையான நீராவி ரயில் எஞ்சின் ஒன்றைக் கட்டினார் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். கல்யாணமாகி மீனாட்சிபுரத்துக்கு வந்த புதிதில் நானும் நம்பவில்லை. நம்பிய பிறகு எனக்கு நிம்மதி போய்விட்டது.

எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரே மதில்தான். என் மாமனாருக்குப் பங்காளி என்பதால் எனக்கும் அவர் மாமா. மனைவி காலமாகிவிட்டார், ஒரே மகன் கோயமுத்தூரில். நெல் அவிக்கும் மில் ஒன்றிலும் அப்புறம் ஒரு பால் கம்பெனியிலும் பாய்லர் பார்த்து ஓய்வு பெற்றவர். பால் குடிக்கிற குழந்தையிடம்கூட 'ங்க' போட்டுத்தான் பேசுவார். மாடுகளை விற்ற பிறகு கட்டுத்தரை காலியாகக் கிடந்தது. அங்கேதான் வேலையை ஆரம்பித்தார்.

எஞ்சின் என்றால் மேசைமேல் வைக்கிற சமாச்சாரம் இல்லை. படுத்திருக்கும் எருமை அளவு இருக்கும். ஒரு சாண் அகலத் தண்டவாளம் கட்டுத்தரையில் தொடங்கி, அவருடைய தென்னந்தோப்பைச் சுற்றி, என் சமையலறை ஜன்னலுக்குப் பத்தடி தள்ளித் திரும்பிப் போகும். பின்னால் மணைப்பலகை மாதிரித் தாழ்வாக இரண்டு வண்டிகள். குதிரைமேல் உட்காருவதுபோலக் காலை இருபக்கமும் போட்டு உட்கார வேண்டும். ஊரார் பொம்மை ரயில் என்றார்கள். பொம்மைக்கு யாராவது சிரட்டைக்கரி அள்ளிப் போடுவார்களா? பொம்மையின் வயிற்றில் தண்ணீர் கொதிக்குமா? அவர் பாய்லர் தகடுகளைப் பற்றவைத்து ஒட்டத் தொடங்கிய நாளிலிருந்து, அந்தப் பக்கம் சுத்தியல் விழுந்தால் இந்தப் பக்கம் என் கையிலிருந்து கரண்டி விழும்.

"ஏனுங்க, பஞ்சாயத்துல ஒரு வார்த்தை சொல்லிப் போடுங்களேன். அது வெடிச்சா மொதல்ல போறது நம்மூட்டுச் செவுருதான்," என்று கணவரிடம் சொன்னேன்.

"அவரு பயப்படற பயத்துக்கு அது வெடிக்கவே வெடிக்காது. நீ சோத்தப் போடு," என்றார்.

கணவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கல்யாண வீட்டுக்குப் போனால் எல்லோரும் மணமேடையைப் பார்க்கப் போவார்கள், மாமா நேரே சமையல்கட்டுக்குப் போய் காஸ் சிலிண்டர்களின் வாயை முகர்ந்து பார்ப்பார். சமையல்காரர்கள் அவரைக் கண்டாலே எரிந்து விழுவார்கள். என் வீட்டுக் குக்கர் கத்தினால் மதிலுக்கு அந்தப் பக்கம் எண்ணிக்கொண்டிருப்பார். "அம்மிணி, ஏழாயிருச்சுங்க. சித்த நிறுத்திப் போட்டுப் பாருங்க," என்று குரல் வரும். எனக்கு ஆத்திரமாக வரும். எங்கள் ஊர் போர் தண்ணீரில் பருப்பு ஏழு விசிலுக்கெல்லாம் அசைந்துகொடுக்காது என்பது இவருக்குத் தெரியாதா? அவ்வளவு உப்பு. தலைக்குக் குளித்தால் முடி தேங்காய் நார் ஆகிவிடும். பஞ்சாயத்துக் குழாய் நினைத்தால் வரும், நினைக்காவிட்டால் ஒரு வாரம் வராது.

அவர் டீ குடிக்க மாட்டார். யார் வீட்டில் நீட்டினாலும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு மோர் கேட்பார். ஏன் என்று கணவர்தான் சொன்னார். மில்லில் வேலை பார்த்த காலத்தில் ஒரு நாள், கூட வேலை செய்தவரைப் பாய்லர் பக்கத்தில் நிறுத்திவிட்டு எதிர்க்கடைக்கு டீ குடிக்கப் போயிருக்கிறார். டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகும் நேரத்தில் பாய்லர் வெடித்தது. நின்றவரை முழுசாக எடுத்துக் கொடுக்க முடியவில்லையாம். அதற்குப் பிறகு இவர் டீயைத் தொட்டதில்லை.

இதைக் கேட்ட பிறகு எனக்குப் பயம் இரண்டு மடங்கானது. ஒரு நாள் மதிலோரம் நின்று கேட்டே விட்டேன்.

"ஏனுங்க மாமா, இத்தனை பயம் இருக்கறவங்க எதுக்குங்க இந்தக் கெரகத்தை ஊட்டுக்குள்ள கொண்டாந்து வெச்சிருக்கீங்க?"

அவர் ராவிக்கொண்டிருந்த அரத்தைக் கீழே வைத்தார்.

"பயங்கறது மாடு மாதிரிங்க அம்மிணி. கண்ணு முன்னால கட்டிப் போட்டுக்கோணும். அவுத்து உட்டா எங்க போய் மேயுதுன்னே தெரியாது. இருவத்தஞ்சு வருசம் அவுத்து உட்டுப் பாத்துட்டனுங்க."

பிறகு என்னைக் கட்டுத்தரைக்குக் கூப்பிட்டு பாய்லர் சோதனையைக் காட்டினார். பாய்லர் நிறையப் பச்சைத் தண்ணீரை நிரப்பி, கைப்பம்பால் அடித்து, ஓட்டும்போது இருக்கிற அழுத்தத்தைப்போல இரண்டு பங்கு ஏற்றினார். "தண்ணியில கிழிஞ்சா ஒழுகும், அவ்வளவுதானுங்க. ஆவியில கிழிஞ்சாத்தான் ஆளைக் கொல்லும்," என்றார். மீட்டர் முள் அசையாமல் நின்றது. தன் கண்ணை மட்டும் நம்ப முடியாது என்று என்னை ஒரு மணி நேரம் ஸ்டூல் போட்டு அதன் எதிரில் உட்கார வைத்தார். அடுப்பில் பால் பொங்கிக் கரிந்துபோனது வேறு கதை.

பாய்லரின் பின்பக்கம், ஓட்டுகிறவர் முகத்துக்கு நேரே, விரல் பருமனில் ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு. உள்ளே தண்ணீர் எவ்வளவோ அவ்வளவு அதிலும் தெரியும். தண்ணீர் தீர்ந்து வெறும் இரும்பைத் தீ தொட்டால்தான் ஆபத்து.

"எனக்கு இருக்கறது இந்த ஒத்தக் கண்ணுதானுங்க," என்று அதைத் துணியால் துடைத்தார்.

"அது பொய் சொன்னா?"

"அதுக்குத்தான் அடியில ஈயத்துல ரெண்டு திருகு வெச்சிருக்கனுங்க. தண்ணி வத்துனா ஈயம் உருகும். ஆவி நேராத் தீ மேல எறங்கி அதை அணைச்சுப் போடும்."

"ஒண்ணு பத்தாதுங்களா?"

"ஒண்ணு பத்தும்னு நெனைக்கறவனுக்குத்தானுங்க ரெண்டு வேணும்."

தண்ணீர் விஷயத்தில் மட்டும் அவர் சாமியார் மாதிரி ஆசாரம் பார்ப்பார். போர் தண்ணீர் எஞ்சினுக்கு ஒரு சொட்டு ஆகாது. அதிலிருக்கும் உப்பு உள்ளே ஓடாகப் படிந்து சந்து பொந்தையெல்லாம் அடைத்துவிடும். கூரையிலிருந்து விழும் மழைத்தண்ணீரைத் துணியில் வடிகட்டி நான்கு பீப்பாய்களில் பிடித்து வைத்திருப்பார். ஒரு கரண்டி எடுத்துச் சோப்பு நுரைத்துப் பார்த்துவிட்டுத்தான் மூடுவார். மூடிய பிறகு தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று வெளியே சாக்பீஸால் கோடு போடுவார். ஞாயிற்றுக்கிழமை எஞ்சினுக்கு எடுத்தால் கோட்டை அழித்துக் கீழே புதுக் கோடு.

அந்தப் பீப்பாய்கள் மதிலோரம் இருந்தன. ஸ்டூல் போட்டு ஏறினால் என் கைக்கு எட்டும்.

மாசி மாதம் என்று நினைவு. பஞ்சாயத்துக் குழாய் ஒன்பது நாளாக வரவில்லை. பருப்பு வேகவில்லை, கணவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். மாமா பால் சொசைட்டிப் பக்கம் போயிருந்த நேரம் பார்த்து ஒரு குடம் மழைத்தண்ணீர் மொண்டேன். மொண்டபின்தான் கோடு கண்ணில் பட்டது. தண்ணீர் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. திருடி என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்து, ஒரு குடம் போர் தண்ணீரை எடுத்துக் கோடு வரைக்கும் ஊற்றி மூடினேன். தண்ணீர்தானே, பார்வைக்கு என்ன வித்தியாசம்? அன்றைக்குப் பருப்பு மூன்றே விசிலில் வெண்ணெயாகக் குழைந்தது.

கோடு மட்டும் இல்லாதிருந்தால் நான் திருடியிருப்பேன், பீப்பாய் குறைந்திருக்கும், அதோடு முடிந்திருக்கும். இப்போது யோசிக்கிறேன். அப்போது யோசிக்கவில்லை. தினமும் ஒரு குடம் எடுத்தேன், ஒரு குடம் ஊற்றினேன். ஒரு பீப்பாய் உப்புக் கரிக்கத் தொடங்கினால் அடுத்ததற்குப் போனேன். நாக்குக்கு ருசி பழகிவிட்டால் கை சும்மா இருக்குமா?

ஒரு நாள் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து சந்தோஷமாகச் சொன்னார்: "அம்மிணி, இப்பெல்லாம் மூணு விசில்லயே நிறுத்திப் போடறீங்க. நெம்ப நல்லதுங்க. இப்படித்தானுங்க இருக்கோணும்."

கையிலிருந்த குடத்தைக் கீழே வைத்துவிட்டு, சரிங்க மாமா என்றேன்.

வைகாசியில் மாரியம்மன் நோம்பி வந்தது. ஊர் முழுக்க ஒறம்பரை, வீட்டுக்கு வீடு விருந்தாளிகள். நோம்பி முடிந்த மறுநாள் காலை பத்து மணிக்கு மாமா எஞ்சினுக்குத் தீ மூட்டினார். பிள்ளைகளை ஏற்றுவதாக வாக்குக் கொடுத்திருந்தார். முதல் வண்டியில், அவர் முதுகுக்குப் பின்னால், ஏழு வயதான என் மகள். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. கணவர் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

முதல் சுற்றில் பிள்ளைகள் போட்ட கூச்சலில் காகங்கள் தோப்பைவிட்டே பறந்தன. மாமா சிரிக்கவில்லை. கண்ணாடிக் குழாயைப் பார்ப்பதும் வழியைப் பார்ப்பதுமாக வந்தார். ஒவ்வொரு சுற்றிலும் என் ஜன்னலுக்கு நேரே வரும்போது குழாயின் அடித் திருகைத் திறந்து மூடுவார். தண்ணீர் பீய்ச்சி வெளியே போய்விட்டுப் பழைய மட்டத்துக்கு ஏற வேண்டும். அதுதான் கண்ணாடி மெய் சொல்கிறதா என்று பார்க்கும் வழி. இரண்டாவது சுற்றில் ஏறியது. மூன்றாவது சுற்றில் குழாயில் பாதிக்குத் தண்ணீர் இருந்தது. அவர் திருகைத் திறந்தார். அந்தப் பாதித் தண்ணீரும் போயிற்று. மூடினார். ஏறவில்லை.

மதிலோரம் நின்ற எனக்கு அந்த வெறுங்கண்ணாடி தெரிந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்றும் தெரிந்தது. அந்தக் கண்ணாடியைப் பற்றி எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தானே. பாப்பா என்று கத்தக்கூட வாய் வரவில்லை.

"எறங்குங்க! எல்லாரும் எறங்கி ஓடுங்க!"

அவர் அப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை. பிள்ளைகள் விளையாட்டென்று நினைத்துச் சிரித்தார்கள். வண்டி நிற்கும் முன்பே திரும்பி என் மகளைக் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கித் தென்னைப் பாத்திச் சேற்றில் எறிந்தார். அடுத்தவனை எறிந்தார். பின்வண்டிக்காரர்கள் அலறிக்கொண்டு சிதறினார்கள். அவரும் ஓடியிருக்கலாம். ஓடவில்லை. கரிக்கரண்டியால் தீயை வாரி வெளியே கொட்டிக்கொண்டிருந்தார். அப்போதுதான் ஈயம் உருகியது. எருமையின் கழுத்தை அறுத்தால் எப்படிக் கத்துமோ அப்படி ஒரு சத்தம். தீக்கதவு வழியாக வெள்ளையாக ஆவி பாய்ந்தது. கட்டுத்தரை, தோப்பு, அவர், எதுவும் தெரியவில்லை.

ஆவி விலகியபோது அவர் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வலது முன்னங்கை தோல் வழன்று தொங்கியது. "எத்தனை பேரு ஏறுனாங்க? எத்தனை பேரு இருக்காங்க? எண்ணுங்க," என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லோரும் இருந்தார்கள். என் மகளுக்கு முழங்கையில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். மூன்று நாள் அவளை என் பக்கத்தைவிட்டு நகரவிடவில்லை.

கைக்கட்டோடு பதினைந்தாம் நாள் பாய்லரைத் திறந்தார். சத்தம் கேட்டு நான் கொல்லையிலேயே நின்றேன். கொஞ்ச நேரத்தில் மதிலோரம் வந்தார். உள்ளங்கையில் வெள்ளையாக, முட்டை ஓடு நொறுங்கியதுபோல ஒரு குவியல்.

"உப்புங்க. போர் தண்ணி உப்பு. கண்ணாடிக்குப் போற துளையை அடைச்சிருக்குதுங்க. ஆவி குளுந்து சொட்டுனது குழாய்ல நின்னு என்னை ஏமாத்தியிருக்குது." பீப்பாய்ப் பக்கம் பார்த்தார். "பீப்பாய்ல கோடு போட்டது போட்டபடி இருக்குது. வேற யாரும் அதத் தொடறதில்லீங்க. அப்ப நாந்தான் எப்பவோ நெனப்பில்லாம போர் பைப்பை எடுத்து அதுல உட்டிருக்கோணும். அம்மிணி, நீங்க எந்நேரமும் கொல்லைல இருக்கறவங்க. நான் அப்படி உட்டதப் பாத்தீங்களா?"

அவர் என்னைச் சந்தேகப்படவே இல்லை. அதுதான் விஷயம். அந்தக் கண்ணில் கெஞ்சல்தான் இருந்தது. இல்லை என்று சொல்லுங்கள் என்று கேட்கிற கண். உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று என் மனம் ஓடியது. பெற்ற மகளை ஏற்றி அனுப்பிய வண்டியில் நானே விஷம் வைத்தேன் என்று கணவருக்குத் தெரியும், ஊருக்குத் தெரியும், நாளைக்கு மகளுக்கே தெரியும். இல்லை, தெரியாது என்று சொல்லியிருந்தால்கூடப் போதும். பயந்தவள் வாயில் அதுவும் வரவில்லை.

"ஒருக்கா பாத்த மாதிரித்தான் இருக்குதுங்க மாமா," என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். கையிலிருந்த உப்புச் சில்லுகளை மடித்த வேட்டியில் பத்திரமாகக் கொட்டிக்கொண்டார்.

"நல்லதுங்க. தெரிஞ்சுக்கிட்டது நல்லது. இனிமே என்னை நம்பிக் கொழந்தைகள உடாதீங்க அம்மிணி."

ஆடி பிறப்பதற்குள் எஞ்சினைத் துண்டு துண்டாக அறுத்துப் பொள்ளாச்சியில் பழைய இரும்பு வாங்கும் ஆக்கர்க்காரனிடம் தாட்டிவிட்டார். தண்டவாளத்தையும் பெயர்த்தார். மகன் வந்து கூட்டிக்கொண்டு போனான். வீட்டைப் பூட்டிச் சாவியை என் கணவரிடம் கொடுக்கும்போது, பூட்டை நீங்களும் ஒருமுறை இழுத்துப் பாருங்க என்றார். கணவர் இழுத்துப் பார்த்த பிறகும் நம்பாமல் பாதி வழியில் காரை நிறுத்தித் திரும்பி வந்தார்.

நான்கு வருடம் நான் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. போன மாதம் ஒரு கல்யாணத்துக்குக் கோயமுத்தூர் போனபோது, கணவரை மண்டபத்தில் விட்டுவிட்டுத் தனியாக அவர் மகன் வீட்டுக்குப் போனேன். மருமகள் வாசலிலேயே குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"மாமா அடுப்புப் பக்கமே வரமாட்டீங்கறாங்க அக்கா. பைப்பைத் தொறந்தா யாராச்சும் பக்கத்துல நிக்கோணும். மாத்திரை முழுங்குனா நோட்டுல எழுதி எங்கிட்டக் கையெழுத்து வாங்கறாங்க. டாக்டர்கிட்ட ரெண்டு தடவை கூட்டிட்டுப் போனோம். மறதி எதுவும் இல்லைங்கறாங்க. மாமா நம்பறதில்லை. பேரனைத் தூக்கச் சொன்னாக்கூட, வேண்டாம், கையத் தவற உட்டுருவேன்னு தள்ளிப் போயர்றாங்க."

அவள் காபி போட உள்ளே போனாள். மாமா பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மெலிந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, "வாங்க அம்மிணி, பாப்பா நல்லாருக்குதுங்களா?" என்றார். உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று தெரியும். நின்றுகொண்டே சொன்னேன்.

"மாமா, அந்தப் பீப்பாய்த் தண்ணிய மாத்துனது நாந்தானுங்க. பருப்பு வேக வெக்க எடுத்தேன். கோடு கொறையாம இருக்கப் போர் தண்ணிய ஊத்துனேன்."

நாற்காலியில் திரும்ப உட்கார்ந்து தெருவைப் பார்த்தார்.

"எத்தனை கொடமுங்க?"

"தெனம் ஒண்ணுங்க. மாசில இருந்து."

உதடு அசைந்தது. மனசுக்குள் கூட்டிக்கொண்டிருந்தார். "சரிதானுங்க. அத்தனை உட்டாத்தான் அந்த ஓடு படியும். ஒருக்கா ரெண்டு தரம் பைப்பு உட்டதுக்கு அத்தனை படியாதேன்னு நானும் நெனைச்சனுங்க." என் பக்கம் திரும்பினார். "அப்ப நான் மறக்கலீங்களா?"

"இல்லீங்க மாமா."

"பைப்பு உடவே இல்லீங்களா?"

"இல்லீங்க."

அவர் முகம் தெளிந்தது. நான்கு வருடச் சுமை இறங்கிவிட்டது, இனி ஒன்றுமில்லை என்று அந்த நிமிஷம் நினைத்தேன். வெட்கமில்லாமல் எனக்கு லேசாகச் சிரிப்புக்கூட வந்தது. பிறகு அவர் மெதுவாகச் சொன்னார்:

"நான் உங்ககிட்ட வந்து கேட்டனுங்களே, அம்மிணி."

"பயமா இருந்துச்சுங்க மாமா."

"தெரியுமுங்க. பயத்தைப் பத்தி எனக்குத் தெரியாதுங்களா? தீயைப் பாத்துப் பயந்திருக்கேன், ஆவியைப் பாத்துப் பயந்திருக்கேன். நாலு வருசமா எம்மேலயே பயந்துட்டுக் கெடந்தனுங்க. அது மட்டும் யாருக்கும் வரப்படாதுங்க."

அவர் எழுந்தார். தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளேயிருந்து அழுகை கேட்டது. எழுபது வயது மனிதர் அழுவதை அதற்குமுன் நான் கேட்டதில்லை.

மருமகள் காபி டம்ளரோடு ஓடி வந்தாள். "என்னாச்சுங்க அக்கா? மாமா ஏன் அழுகறாங்க? நீங்க என்ன சொன்னீங்க?"

அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். தவறு மாமாவுடையதல்ல என்று தெரிந்து, அவர் மறுத்தாலும் அன்றைக்கே பேரனை அவர் மடியில் வைத்திருப்பார்கள். நான் டம்ளரை வாங்கிக்கொண்டேன்.

"ஒண்ணுமில்லீங்க. சும்மா ஊர்க்கதை பேசிட்டிருந்தோம்," என்றேன்.